செயின் லாக்கில் தொடங்கி கேஸிங் வரை: 428 செயின் அறுந்த ஒரு வண்டியின் வேலைக் குறிப்பு

வேலை முடிந்து வண்டி 800 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது. 32 மில்லிமீட்டரில் வைத்த செயின் தொய்வு 34-இல் நிற்கிறது. ஒட்டிய கேஸிங்கில், அதாவது எஞ்சினின் அலுமினிய வெளிக்கூட்டில், எண்ணெய் வியர்க்கவில்லை. நியூட்ரல் விளக்கு ஒழுங்காக எரிகிறது. இதே வண்டிக்கு இதற்கு முன் பார்த்த வேலை 210 கிலோமீட்டர்தான் தாங்கியது. அதற்கு ஆனது அரை மணி நேரம், 160 ரூபாய். இரண்டாவது வேலைக்கு நான்கு நாளும் 3,670 ரூபாயும் ஆயின.

வண்டி 150 சிசி. முன் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) 14 பல், பின்னது 42 பல், 428எச் செயின் 116 கண்ணி, பின்னால் டிரம் பிரேக். மீட்டரில் 31,000. இந்த அளவு வண்டிகளுக்கெல்லாம் வேலை முறை ஏறக்குறைய ஒன்றுதான். பல் எண்ணிக்கையும் முறுக்கு அளவும் மாறும், அவற்றை அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் முறை: லாக் மட்டும்

முதலில் அறுந்தபோது சேதம் ஒன்றும் இல்லை. மூன்றாவது கியரில் எஞ்சின் திடீரென்று கத்தியது, வண்டி இழுக்கவில்லை, செயின் பின்னால் சாலையில் நீளமாகக் கிடந்தது. செயினின் இரண்டு முனையையும் சேர்க்கும் கண்ணிதான் லாக். அதன் மேல்தகடும் கிளிப்பும் காணவில்லை. சாலையோரத்தில் கிடைத்த ஒரு லாக்கைப் போட்டு, கிளிப்பைத் தட்டி உட்கார வைத்து, வண்டி கிளம்பியது.

தப்பு அந்த லாக்கில். 428-க்கும் 428எச்-க்கும் கண்ணி இடைவெளி ஒன்றே, 12.7 மில்லி. உள் அகலமும் ஒன்றே, 7.94 மில்லி. அதனால் சாதா 428 லாக் 428எச் செயினுக்குள் எந்த முரண்டும் இல்லாமல் நுழைந்துவிடும். தகட்டின் தடிப்புதான் வேறு. சாதாவில் சுமார் 1.5 மில்லி, எச்-இல் சுமார் 2 மில்லி. செயினின் உள்தகடு இரண்டும் சேர்ந்து 1 மில்லி கூடுதலாக வந்துவிடுகிறது. அந்த 1 மில்லி சாதா லாக்கின் ஆணியில் கிடையாது. மேல்தகட்டை எவ்வளவு அழுத்தினாலும் ஆணியின் காடி முழுதாக வெளியே வராது, கிளிப் காடியின் விளிம்பைத்தான் கவ்வும். பார்வைக்கு உட்கார்ந்த மாதிரியே இருக்கும்.

கையால் சோதிக்க ஒரு வழி உண்டு. சரியான லாக்கில் கிளிப் 'டக்' என்று விழும், விழுந்தபின் மேல்தகட்டோடு ஒட்டித் தட்டையாக இருக்கும், லாக் கண்ணியும் பக்கத்துக் கண்ணி போலவே தொளதொளவென்று மடியும். பொருந்தாத லாக்கில் கண்ணி விறைப்பாக மடியும், கிளிப் ஒரு பக்கம் லேசாகத் தூக்கி நிற்கும். வாங்கும்போதே செயினின் வெளித்தகட்டில் அடித்திருக்கும் எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். கடையில் "நூத்தம்பது வண்டிக்கு லாக்" என்று கேட்டால் கையில் எட்டியதைத்தான் எடுத்துத் தருவார்கள்.

இரண்டாம் முறை: முன்பக்கம் சுருண்டது

210 கிலோமீட்டர் கழித்து அதே லாக் மறுபடி கழன்றது. இந்த முறை செயின் சாலையில் விழவில்லை. முன் ஸ்பிராக்கெட் அதை உள்ளே இழுத்துக் கவருக்கும் கேஸிங்குக்கும் நடுவே சுருட்டிவிட்டது. பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. இப்படி ஆகும்போது கிளட்ச் பிடித்தும் பயனில்லை. சக்கரத்தைப் பிடித்திருப்பது எஞ்சின் அல்ல, கேஸிங்கில் சிக்கிய இரும்பு. நல்லவேளையாக வேகம் 30-க்குள் இருந்தது.

சிக்கிய செயினை எடுப்பதில்தான் இந்த வேலையிலேயே பெரிய தப்பு நடந்தது. கவரின் 8 நம்பர் போல்ட்டுகளைக் கழற்றியதும் செயின் கொத்தாகத் தெரிந்தது. டயர் லீவரைக் கேஸிங் மேல் ஊன்றி நெம்பியதில் செயின் அசையவே இல்லை. கேஸிங்கில் ஏற்கெனவே விழுந்திருந்த மயிரிழை விரிசல் நீண்டதுதான் மிச்சம். எடுத்தபின் அளந்தால் 22 மில்லி. அலுமினிய வார்ப்பின் மேல் லீவரை ஊன்றவே கூடாது.

எடுக்கும் முறை எளிதுதான். வண்டியை நியூட்ரலில் போட்டு, கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கண்ணியைச் செயின் பிரேக்கரால் (ஆணியைத் தள்ளிக் கண்ணியைப் பிரிக்கும் கருவி) பிரித்துப் பின்பக்க இழுப்பை முதலில் தளர்த்திவிட வேண்டும். அதன்பின் முன் ஸ்பிராக்கெட்டைப் பிடித்திருக்கும் லாக் பிளேட்டின் இரண்டு எம்6 போல்ட்டையும் 10 நம்பர் ஸ்பேனரால் எடுத்து, பிளேட்டைக் கொஞ்சம் சுற்றி உருவினால், ஸ்பிராக்கெட்டும் அதில் சிக்கிய செயினும் சேர்ந்தே வெளியே வரும். கிரைண்டர் வைத்து அறுக்கலாமே என்று தோன்றும். மேலே பெட்ரோல் டாங்க் இருக்கிறது, கீழே எண்ணெய்ப் பிசுக்கு. பொறி பறக்கும் வேலை அந்த இடத்தில் வேண்டாம்.

சேதக் கணக்கு இது: ஸ்பிராக்கெட் கவர் இரண்டாக உடைந்தது, முன் ஸ்பிராக்கெட்டில் இரண்டு பல் போனது, நியூட்ரல் சுவிட்ச் வயர் அறுந்தது, முன் ஸ்பிராக்கெட் உட்காரும், எஞ்சினிலிருந்து வெளிவரும் ஷாஃப்ட்டின் ஆயில் சீல் உதடு கிழிந்தது, கேஸிங்கில் விரிசல். ஷாஃப்ட் வளைந்திருந்தால் மேற்கொண்டு எதுவும் செய்து பயனில்லை. அதனால் அதை முதலில் பார்த்தாயிற்று. ஒரு கட்டுக்கம்பியைக் கேஸிங் போல்ட்டில் கட்டி, அதன் முனை ஷாஃப்ட்டை முடி அளவு தொடாமல் நிற்கும்படி வளைத்து, ஷாஃப்ட்டைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தது. மேலும் கீழும் ஆட்டிப் பார்த்ததில் பேரிங் ஆட்டமும் இல்லை.

செயினை அறுத்தது எது

லாக் பொருந்தாதது இரண்டாவது அறுபடுதலுக்குக் காரணம். முதல் முறை கழன்ற லாக் செயினோடு வந்த சரியான லாக். அது ஏன் கழன்றது என்று பார்க்காமல் விட்டதால்தான் இவ்வளவு செலவு.

பழைய செயினை மண்ணெண்ணெயில் கழுவித் தரையில் நீட்டி அளந்தோம். 20 கண்ணி, அதாவது முதல் ஆணியின் மையத்திலிருந்து 21-ஆவது ஆணியின் மையம் வரை, புதிதில் 254 மில்லி. 259 வந்தால் செயின் கழிவு. இங்கே 261 இருந்தது. மூன்று இடத்தில் அளக்க வேண்டும். ஒரு இடத்தில் 258, இன்னோர் இடத்தில் 261 என்று வருவதும் உண்டு, அதிகமானதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தேய்ந்த செயின் மட்டும் கிளிப்பைக் கழற்றாது. தகடுகளைத் திருப்பிப் பார்த்தபோது ஒரு பக்க உள்தகடுகளில் மட்டும் வெள்ளிபோல் பளபளப்பு. பின் ஸ்பிராக்கெட்டின் பற்களிலும் ஒரு பக்கம் மட்டும் தேய்மானம். செயின் நேராக ஓடவில்லை, பக்கவாட்டில் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. அப்படி ஓடும் செயினில் லாக்கின் மேல்தகடு ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் ஆடும், கிளிப்பின் கால் கொஞ்சம் கொஞ்சமாக விரியும்.

கோணலுக்கு இரண்டு காரணம் கிடைத்தன. ஒன்று, பின் சக்கரம் நேராக இல்லை. ஸ்விங் ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) இருக்கும் கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே இடத்தைக் காட்டின. ஆனால் ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் மையத்திலிருந்து ஆக்ஸில் மையம் வரை டேப் வைத்து அளந்தால் இடப்பக்கம் 491, வலப்பக்கம் 494. மூன்று மில்லிதானே என்று விட முடியாது. சக்கரத்தை முன்பின் நகர்த்தும் இரண்டு பக்க அட்ஜஸ்டருக்கும் இடையே 200 மில்லி. அதில் 3 மில்லி கோணல் என்றால், 556 மில்லி தள்ளியிருக்கும் முன் ஸ்பிராக்கெட்டுக்குப் போகும்போது அது 8 மில்லி ஆகிவிடும். கோடுகளை நம்பி வேலை செய்ததற்கு இதுதான் பலன். தகட்டில் அடித்த கோடுகள் எப்போதும் சரியாக இருப்பதில்லை.

இரண்டாவது காரணம் சக்கரத்தைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது. பின் ஸ்பிராக்கெட்டைத் தாங்கும் ஹப்பின் பேரிங் போயிருந்தது. 170 மில்லி விட்டமுள்ள ஸ்பிராக்கெட்டின் விளிம்பைப் பிடித்து ஆட்டினால் 4 மில்லி இப்படியும் அப்படியும் போனது. சக்கரத்தில் மொத்தம் மூன்று பேரிங். வண்டியில் சக்கரம் மாட்டியிருக்கும்போது டயரைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது சக்கரத்துக்குள் இருக்கும் இரண்டைத்தான் காட்டும். மூன்றாவது பேரிங் ஸ்பிராக்கெட் பக்கம் தனியாக இருக்கிறது. அதைப் பார்க்க ஸ்பிராக்கெட்டையே பிடித்து ஆட்ட வேண்டும்.

பின்பக்க வேலை

பழைய பேரிங்கில் 6203 என்று இருந்தது: உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12. இந்த எண்ணைச் சொன்னால் எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும், வண்டியின் பெயர் தேவையில்லை. விலை 190 ரூபாய். புதியதை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, ஹப்பின் மேல் கொதிநீர் ஊற்றித் துடைத்துவிட்டு வைத்தால் பாதி தூரம் தானாக இறங்கும். மீதிக்குப் பழைய பேரிங்கையே மேலே வைத்துச் சுத்தியலால் தட்டலாம். தட்டு வெளி வளையத்தில்தான் விழ வேண்டும். உள் வளையத்தில் அடித்து இறக்கினால் குண்டுகள் வளையத்தில் பள்ளம் போட்டுவிடும், பேரிங் முதல் நாளே போய்விடும்.

பேரிங் மாற்றியும் 1 மில்லி ஆட்டம் மிச்சம் இருந்தது. ஆக்ஸிலுக்கும் பேரிங்குக்கும் நடுவே வரும் காலர் தேய்ந்திருந்தது, விரல் நகம் மாட்டும் அளவுக்குப் படி. இது கடையில் கிடைக்கவில்லை. லேத்தில் இ.என்.8 எஃகுக் கம்பியில் புதிதாகக் கடைந்து வாங்கியது 250 ரூபாய். லேத்துக்குப் போகும்போது பழைய காலரோடு புதுப் பேரிங்கையும் ஆக்ஸிலையும் கொண்டுபோக வேண்டும். தேய்ந்த காலரைப் பார்த்து அளவெடுத்தால் தேய்ந்த காலர்தான் திரும்பி வரும். நீளம் மட்டும் பழையதைப் பார்க்கலாம். அதிலும் தேயாத பக்கத்தில் வெர்னியர் வைக்க வேண்டும்.

ஹப்புக்குள் இழுப்பின் அதிர்வைத் தாங்கும் ரப்பர்கள் கல்லாகியிருந்தன. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்பிராக்கெட்டை முன்னும் பின்னும் சுற்றினால் விளிம்பில் 8 மில்லி சும்மா ஓடியது. அந்த இடைவெளியில் சைக்கிள் டியூபை வெட்டிச் செருகுவது நம் ஊர்ப் பழக்கம். ஒரு மாதம் இறுக்கமாகத்தான் இருக்கும். அப்புறம் டியூப் கூழாகி வெளியே வரும். புது ரப்பர் செட் 210 ரூபாய், அதைப் போட்டுவிடுவதே மேல். சோப்புத் தண்ணீர் தொட்டு அழுத்தினால் ரப்பர் உட்காரும். கிரீஸ் தடவினால் ரப்பர் ஊறிப் பெருத்துவிடும்.

கேஸிங் விரிசல்

ஆர்கான் வெல்டிங் பற்றி விசாரித்தபோது, எஞ்சினை இறக்கி முழுதாகப் பிரித்துக் கொண்டுவரச் சொன்னார்கள். நியாயம்தான். எண்ணெயோடு இருக்கும் அலுமினியத்தில் வெல்டிங் பிடிக்காது, சூட்டில் பேரிங் உட்காரும் இடமும் கோணும். விரிசல் பேரிங் வீட்டுக்கு வெளியே, பாரம் விழாத சுவரில் இருந்ததால் எபாக்ஸி போதும் என்று முடிவானது. விரிசல் பேரிங் வீட்டுக்குள் ஓடியிருந்தால் இந்த வழி சரிவராது, கேஸிங் மாற்றுவதுதான் ஒரே வழி.

முதல் முயற்சி தோற்றது. பெட்ரோலில் துடைத்து, எம்-சீல் பிசைந்து அப்பி, ஆறு மணி நேரம் விட்டு ஓட்டியதில் 40 கிலோமீட்டரில் ஓரமாக எண்ணெய் கசிந்தது. விரலால் நெம்பியதும் முழுசாகக் கழன்று வந்தது. ஒட்டிய பக்கத்தில் எண்ணெய்ப் படலம். மேலே துடைத்தது போதாது. விரிசலுக்குள் ஊறிய எண்ணெய் எஞ்சின் சூடானதும் வெளியே வந்து ஒட்டலைத் தூக்கிவிட்டது.

இரண்டாவது முயற்சிக்கு ஒரு முழு நாள் ஆனது. எண்ணெயை வடித்து, வண்டியை வலப்பக்கம் சாய்த்துக் கட்டினோம். கிழிந்த ஆயில் சீலை முதலிலேயே கொக்கி வளைத்த ஸ்க்ரூ டிரைவரால் எடுத்தாயிற்று. ஷாஃப்ட்டில் கீறல் விழக் கூடாது, அதனால் ஷாஃப்ட் மேல் பழைய பிளாஸ்டிக் பாட்டில் துண்டைச் சுற்றிக்கொண்டு எடுத்தது. சில எஞ்சின்களில் இந்த சீலுக்கு உள்பக்கம் ஒரு விளிம்பு இருக்கும், கேஸிங்கைப் பிரித்தால்தான் வரும். நெம்பும் முன் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதில் வெளியிலிருந்தே வந்தது.

விரிசல் எங்கே முடிகிறது என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மண்ணெண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, கரும்பலகைச் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்தால், விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் சுண்ணாம்பில் ஈரக்கோடாக ஊறி வரும். கண்ணுக்கு 18 மில்லியாகத் தெரிந்தது இந்தக் கோட்டில்தான் 22 ஆனது. இரண்டு முனையிலும் 2 மில்லி டிரில் பிட்டால் ஒவ்வொரு துளை. துளை இல்லாவிட்டால் எபாக்ஸிக்கு அடியிலேயே விரிசல் மேலும் ஓடும். பிட்டின் நுனியில் கிரீஸ் அப்பிக்கொண்டு கைத்துளைப்பானால் மெதுவாகப் போட்டதால் துருவல் கிரீஸிலேயே ஒட்டிக்கொண்டது. அப்படியும் வேலை முடிந்தபின் 200 மில்லிலிட்டர் எண்ணெய் ஊற்றி ஒருமுறை அலசி வடித்தோம்.

அடுத்து ஊசி அரத்தால் விரிசல் நெடுக 'வி' காடி, ஆழம் 1.5 மில்லி, அகலம் 3 மில்லி. சுற்றிலும் 15 மில்லிக்கு 80 நம்பர் உப்புத்தாள் வைத்துச் சொரசொரப்பாக்கியது. அதன்பின் ஹாட் ஏர் ப்ளோயரால் அந்த இடத்தைத் தொட முடியாத சூட்டுக்குக் கொண்டுவந்தால் காடியிலிருந்து எண்ணெய் கசிந்து வரும். தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். ப்ளோயரை அணைத்து, இடம் ஆறிய பிறகுதான் தின்னர், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். இதை நான்கு முறை திரும்பச் செய்தோம். முதல் மூன்று முறை துணி பழுப்பானது, நான்காவது முறை வெள்ளையாகவே வந்தது. முதல் முயற்சியில் இந்த ஒன்றைத்தான் விட்டிருந்தோம்.

உலோகத்தூள் கலந்த இரண்டு பாக எபாக்ஸி, 420 ரூபாய். காடிக்குள் முதலில் மெல்லியதாக அழுத்தித் தேய்த்து, அதன் மேல் 3 மில்லி தடிப்பில் அப்பி, 24 மணி நேரம் தொடவில்லை. கடைசி ஒரு மணி நேரம் 100 வாட் குண்டு பல்பைப் பக்கத்தில் எரியவிட்டது நன்றாக இறுக உதவியது. பிறகு புது ஆயில் சீல், 70 ரூபாய். உதட்டில் கிரீஸ் தடவி, அதே விட்டமுள்ள பாக்ஸ் சாக்கெட்டை வைத்து நேராகத் தட்டி இறக்கியது.

நியூட்ரல் வயரைச் சால்டர் வைத்துச் சேர்த்து, சுருங்கும் ஸ்லீவ் போட்டு, செயினுக்கு எட்டாதபடி கேஸிங்கின் மேல் ஓரமாகத் திருப்பிக் கட்டியாயிற்று. இந்த வயர் அறுந்து தொங்கினால் நியூட்ரல் விளக்கு எரியவே எரியாது. அறுந்த முனை வண்டியின் உடம்பில் பட்டால் எல்லாக் கியரிலும் எரியும். இரண்டாவது ஆபத்தானது. பச்சை விளக்கை நம்பிக் கிளட்சை விட்டால் வண்டி பாயும்.

உடைந்த கவருக்குப் பதில் சென்னை புதுப்பேட்டையில் பழையது ஒன்று 350 ரூபாய்க்குக் கிடைத்தது. உள்பக்கம் உரசல் இல்லாததாகப் பார்த்து எடுக்க வேண்டும். உரசல் இருந்தால் அதுவும் ஒருமுறை செயின் சுருண்ட வண்டியிலிருந்து வந்தது என்று அர்த்தம்.

புதுச் செயின் ஏற்றியது

செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் சேர்ந்த செட் 1,450 ரூபாய். பழைய ஸ்பிராக்கெட்டில் புதுச் செயினைப் போட்டால் மிச்சமாகும் காசு சில மாதத்தில் போய்விடும். கொக்கியாக வளைந்த பல் புது ரோலரைச் சரியாக விடுவிக்காது, இழுத்து இழுத்து நீட்டிவிடும். நம் பக்கத்தில் செயினுக்குப் பஞ்சமில்லை. கோவையில் எல்ஜிபி செய்யும் ரோலானும் சென்னையின் டைமண்டும் சின்ன ஊர்க் கடைகளிலும் தொங்குகின்றன.

முன் ஸ்பிராக்கெட்டை முதலில் பக்கம் மாற்றி மாட்டிவிட்டோம். அதன் நடுவே ஒரு பக்கம் மேடு இருக்கும், அது எந்தப் பக்கம் வர வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி வேறு. பின் ஸ்பிராக்கெட் முகத்தில் ஒரு மீட்டர் எஃகு ஸ்கேலை ஒட்டி வைத்து முன்னால் நீட்டிப் பார்த்தபோது 2 மில்லி தள்ளி விழுந்ததால்தான் தெரிந்தது. திருப்பிப் போட்டதும் சரியானது. பழையதைக் கழற்றும் முன்னே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் இந்த அரை மணி மிச்சம். லாக் பிளேட் போல்ட் எம்6, 10 நியூட்டன் மீட்டர், நடுத்தர லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. பலம் காட்டினால் தலை முறிந்துவிடும்.

வாங்கிய செயின் 120 கண்ணி, வேண்டியது 116. எண்ணிக்கையில் லாக்கும் ஒரு கண்ணி. ஆகவே செயின் துண்டில் 115 கண்ணி இருக்க வேண்டும், இரண்டு முனையிலும் உள்கண்ணி வர வேண்டும். 116-ஆவது கண்ணி வெளிக்கண்ணி. அதன் ஆணித் தலைகளைத் தேய்த்துவிட்டுப் பிரேக்கரால் தள்ளினால் அது மட்டும் பாழாகும், மூன்று கண்ணித் துண்டு ஒன்று மிஞ்சும். தேய்க்காமல் தள்ள முயன்றால் சின்னப் பிரேக்கரின் ஊசி வளைந்துவிடும். எண்ணும்போது பத்துப் பத்தாகச் சாக்பீஸ் கோடு போடுவது நல்லது. ஒன்று குறைந்தால் இன்னொரு லாக் போட வேண்டி வரும்.

செயினை முன் ஸ்பிராக்கெட்டுக்குள் நுழைக்க அதன் முனையில் கட்டுக்கம்பி கட்டி இழுத்தது. இரண்டு முனையையும் பின் ஸ்பிராக்கெட்டின் அடுத்தடுத்த பற்களில் மாட்டிவிட்டால் அவை அசையாமல் நிற்கும், லாக் வெண்ணெய்போல் இறங்கும். கிளிப் வெளிப்பக்கம் தெரியும்படி வர வேண்டும். அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல் ஓட்டத்தில் செயின் முன்னோக்கிப் போகிறது, ஆகவே அங்கே மூடிய முனை முன்பக்கம். அதே லாக் கீழே வரும்போது மூடிய முனை பின்பக்கம் பார்க்கும். அதைப் பார்த்துத் தப்பாகப் போட்டிருக்கிறது என்று திருப்பிப் போட்டுவிடக் கூடாது. மேலே கிளிப்பின் மீது அனபாண்ட் பசை ஒரு பொட்டு. அது கிளிப்பைப் பிடித்து வைப்பதற்கு மட்டுமில்லை. வாரம் ஒருமுறை குனிந்து பார்க்கும்போது பொட்டு இருக்கிறதா இல்லையா என்பது உடனே தெரியும்.

ஸ்விங் ஆர்ம் மேலிருக்கும் செயின் ரப்பரையும் 120 ரூபாய்க்கு மாற்றியாயிற்று. பழையது ஓட்டையாகி, அடியில் இரும்பில் 1.5 மில்லி காடி விழுந்திருந்தது. அதைச் சுத்தம் செய்து துரு தடுக்கும் பெயிண்ட் அடித்ததோடு சரி.

தொய்வு

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திக் கீழ் ஓட்டத்தின் நடுவில் 25 மில்லி வைத்ததும் வேலை முடிந்தது என்றே நினைத்தோம். இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்தபோது செயின் வீணைக் கம்பிபோல் விறைத்தது. முன் ஸ்பிராக்கெட்டின் மையமும் ஸ்விங் ஆர்ம் போல்ட்டும் ஒரே இடத்தில் இல்லாததால், சக்கரம் மேலே ஏற ஏற இறுக்கம் மாறுகிறது. மூன்று மையமும் ஒரே நேர்க்கோட்டில் வரும்போது இறுக்கம் உச்சம். அந்த நிலையில் 15 மில்லி தொய்வாவது இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அளந்தால் 8-தான் இருந்தது. சரி செய்தபின் சென்டர் ஸ்டாண்டில் அதே செயின் 32 காட்டியது. இனி இந்த வண்டிக்கு 32 என்று செயின் கவரின் உள்பக்கம் பெயிண்டில் எழுதியாயிற்று.

சக்கரத்தைச் சுற்றும்போது தொய்வு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது, இறுகலான இடத்தைக் கண்டுபிடித்து அங்கேதான் அளக்க வேண்டும். இறுகல் எத்தனை சுற்றுக்கு ஒருமுறை வருகிறது என்று எண்ணினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். 14-க்கு 42 பல் உள்ள இந்த வண்டியில், சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒருமுறை இறுகினால் பின் ஸ்பிராக்கெட் நடு தப்பியிருக்கிறது. ஒரு சுற்றுக்கு மூன்று முறை என்றால் முன் ஸ்பிராக்கெட். சுமார் இரண்டே முக்கால் சுற்றுக்கு ஒருமுறை என்றால் செயினிலேயே ஒரு விறைத்த கண்ணி. டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, செயினில் ஒரு கோடு, அவ்வளவுதான் கருவி. எஞ்சின் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். ஓடும் எஞ்சினில் கியர் போட்டுச் செயின் துடைத்து விரல் போனவர்கள் உண்டு.

சக்கரத்தை நேராக்கும்போது ஸ்விங் ஆர்ம் போல்ட்டிலிருந்து இரண்டு பக்கமும் 490 வந்தபிறகு ஸ்கேலை வைத்து மறுபடி சரிபார்த்தோம். ஆக்ஸில் நட்டை இறுக்கும்போது சக்கரம் லேசாக நகர்ந்துவிடும். மேல் செயினுக்கும் பின் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே துணிச்சுருளை வைத்துச் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றி அழுத்திப் பிடித்தால் ஆக்ஸில் அட்ஜஸ்டரோடு ஒட்டி நிற்கும், அந்த நிலையில் இறுக்கலாம். கடைசியில் பின் பிரேக் கம்பியையும் பிரேக் விளக்கு சுவிட்சையும் திரும்பச் சரிசெய்ய வேண்டும். ஆக்ஸில் நகர்ந்தால் பிரேக் மிதியும் மாறும். இதை மறந்து வண்டியை எடுப்பவர்கள்தான் அதிகம்.

எண்ணெய்க்கு 90 கியர் ஆயில், 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஓடிச் சூடான செயினில் உள்பக்கமாக. எஞ்சினிலிருந்து வடித்த கழிவு எண்ணெய் ஓசியில் கிடைக்கிறது என்று ஊற்றுவது வேண்டாம், அதிலிருக்கும் உலோகத்தூள் ஆணியை அரைக்கும்.

செலவைக் கூட்டினால்: செயின் செட் 1,450, பேரிங் 190, ஹப் ரப்பர் 210, சீல் 70, கவர் 350, காலர் 250, எபாக்ஸி 420, செயின் ரப்பர் 120, எஞ்சின் ஆயில் 420, தின்னர் சால்டர் வகையறா 110, கூடுதல் லாக் இரண்டு 80. மொத்தம் 3,670. முதல் நாளே ஸ்பிராக்கெட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்திருந்தால் சீல், கவர், எபாக்ஸி, எஞ்சின் ஆயில் ஆகிய நான்கும் சேர்ந்த 1,260 ரூபாயும் இரண்டு நாளும் மிச்சம்.

அந்த இரண்டு 428எச் லாக்கும், வெட்டியதில் மிஞ்சிய மூன்று கண்ணித் துண்டும் இப்போது டூல் பையில் இருக்கின்றன. துண்டின் இரண்டு பக்கமும் லாக் மாட்டினால் ஐந்து கண்ணி ஆகும். வழியில் செயின் எங்கே அறுந்தாலும் அந்த ஐந்தைக் கழற்றி இதைப் போடலாம். கூடவே ஒரு சின்னப் பிரேக்கரும் மூக்குப் பிளேயரும்.